லீடர் போட்ட கையெழுத்து

படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மூன்று அடுக்காக உதவ வேண்டும் என்று, என் மகனின் பள்ளியில் ஒருவர் கூட்டம் போட்டு விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா, எண்பதுகளில் ஆவடியில் நான் படித்த பெண்கள் பள்ளியில் இந்த மூன்று அடுக்கும் அமோகமாக நடந்துகொண்டிருந்தன. முதல் அடுக்கில் மிஸ் பாடம் நடத்துவார். புரியாதவள் முட்டி போடுவாள். இரண்டாவது அடுக்கு லீடர். மூன்றாவது அடுக்கு டி.சி. பத்தாம் வகுப்பில் பெயிலாகிப் பள்ளியின் மானத்தை வாங்குவாள் என்று தோன்றுகிற பெண்ணை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். அதைவிட முன்கூட்டி உதவ யாரால் முடியும்?

நான் இரண்டாவது அடுக்கு. நன்றாகப் படிக்கும் பெண்ணிடம் ஐந்து மக்குகளை ஒப்படைப்பார்கள். மக்கு என்பது மிஸ் வைத்த பெயர், நானும் தாராளமாகப் பயன்படுத்தினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐவரும் வராந்தாவில் என் முன்னால் உட்கார்ந்து பாடத்தை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் நோட்டில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சாயங்காலம் மிஸ் அந்தக் கையெழுத்தை மட்டும் பார்ப்பார். பதிமூன்று வயதில் எனக்கிருந்த அதிகாரத்தைப் பார்த்தால் கலெக்டருக்கே வயிறெரிந்திருக்கும்.

ஐவரில் ஒருத்தி முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருவாள். மற்ற நால்வரும் திக்கித் திணறும்போது இவள் மட்டும் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் அதற்கு முன்னால், “நீ ஒரு தபா படிச்சுக் காட்டுடி, உன் வாயால கேட்டாதான் எனுக்கு ஏறுது” என்பாள். எனக்குப் பெருமை தாங்காது. தலையை ஆட்டி ஆட்டிப் படிப்பேன். இரண்டாம் தடவை கேட்க மாட்டாள், முழுப் பக்கமும் அவளிடமிருந்து திரும்பி வரும். இவளையா மக்கு என்கிறார்கள் என்று ஒருநாள் சந்தேகம் வந்து, புத்தகத்தை அவளிடம் நீட்டி, “அடுத்த பாடத்தை நீயே படி” என்றேன். கண் வலிக்கிறது என்றாள். மறுநாளும் கண் வலித்தது. அதற்கு மறுநாள் நான் விடவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனுக்குப் படிக்க வராதுடி. நாலஞ்சு எய்த்துதான் தெரியும். யாராண்டயும் சொல்லாத. நைன்த்து பாஸாவலன்னா எங்கம்மா அதுங்கூட கம்பெனிக்கு இட்டுகினு பூடும். எனுக்கு ஸ்கூலுக்கு வரணும்டி.”

பரீட்சையில் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேள்வித்தாளையே பார்த்துப் பார்த்து அழகாக வரைந்து பக்கத்தை நிரப்புவாளாம். எட்டாவது வரை அப்படியே வந்துவிட்டாள். யாராவது அதைப் படித்துப் பார்த்திருந்தால்தானே!

நாளையிலிருந்து எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்று சத்தியம் செய்தேன். மறுநாள் அவள் ஒரு பை கொடுக்காப்புளி கொண்டுவந்தாள். அதைத் தின்றுகொண்டே வழக்கம்போலப் பாடத்தைப் படித்துக் காட்டினேன். எழுத்துச் சொல்லித் தர நேரமாகும், பாடம் படித்துக் காட்டினாலோ எனக்கும் மனப்பாடமாகும். அந்த வருடம் முழுக்க அவள் நோட்டில் நன்று, நன்று, மிக நன்று. அந்த ‘மிக’ கொடுக்காப்புளிக்காக.

முழுப்பரீட்சைக்கு எங்கள் வகுப்புத் தாள்களை யாரோ படித்துத் தொலைத்தார்கள். ரிசல்ட் ஒட்டிய அன்று தலைமையாசிரியை அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே அவளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் அந்த நோட்டு.

“இன்னா டீச்சரம்மா, தெனிக்கும் நல்லாகீதுன்னு எய்திக்கீதாமே. பக்கத்து ஊட்டுப் பொண்ணாண்ட குட்த்துக் கேட்டேன். அப்பால எப்டி பெயிலு? எதுக்கு டி.சி.?”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். “நீதானே லீடர்? ஒப்பிச்சாளா?”

“ஒப்பிச்சா மிஸ்.” பொய்யா சொன்னேன்?

தமிழ்ப் புத்தகத்தை எங்கோ பிரித்து அவளிடம் நீட்டினார். “எங்கே, படி.”

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை, நான் மூச்சு வாங்கிய இடத்தில்கூட மூச்சு வாங்கினாள். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தலைமையாசிரியை எழுந்துவந்து எட்டிப் பார்த்தார். அவள் சொன்னது உரைநடை, பிரித்திருந்தது செய்யுள். “இந்த வரியில என்ன போட்டிருக்கு?” என்று விரலை வைத்தார். அவள் வாய் நின்றுவிட்டது.

“ஒன்பது வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கா! பாவம், இந்தப் பொண்ணையும் சேர்த்து” என்று என் தோளைத் தட்டினார். ஒன்பது வருடமாக ஒரு சிறுமியிடம் அத்தனை டீச்சர்களும் ஏமாந்தார்களாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று? ஆனால் எனக்கு அந்தத் தட்டல் இதமாக இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் லீடர் பதவி போய்விடுமே. வெட்கங்கெட்டவள், வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் மாட்டியிருப்பேன். அவளும் சொல்லவில்லை.

அம்மா கைநாட்டு வைத்து டி.சி.யை வாங்கிக்கொண்டார். வராந்தாவுக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்து என் கன்னத்தைத் தடவினார்.

“சோறு துன்ற நேரத்துல குந்திகினு எம் பொண்ணுக்கு சொல்லிக் குட்த்துகீறே. அதான் உன்னை ஏமாத்திட்ச்சு. மன்சுல வெச்சுக்காத கண்ணு.”

அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பரவால்லம்மா, நான் ஒண்ணும் நெனைச்சுக்கல” என்று சொல்லி, அவளை மன்னித்தேன்.