பெரியம்மாவின் கோதாரி

இருபது வருடத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி, சுருவிலில் பெரியம்மா வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது, மழையில் நனைந்த கயிற்றின் மணம் வந்தது. உடனே நினைவில், இப்போது தூர்ந்துபோன அந்த நல்லதண்ணிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே கப்பி கிறீச்சிடும், வாளிகள் முட்டிக்கொள்ளும், எல்லாவற்றையும் மீறிப் பெரியம்மாவின் வாய் கேட்கும். கயிறு வழுக்கினால் "கோதாரி!", ஆடு குறுக்கே வந்தால் "கட்டையிலை போறது!", நான் தண்ணீரைச் சிந்தினால் "கோதாரியிலை போவாளே, கண் என்ன பிடரியிலையோ?" என்று ஏசிக்கொண்டே தன் சீலைத் தலைப்பால் என் காலைத் துடைத்துவிடுவார். கோதாரி ஒரு கொள்ளைநோயின் பெயர் என்பது அங்கே யாருக்கும் நினைவிலேயே இல்லை. வெளியாட்கள் தண்ணீருக்கு வந்தால் மட்டும் அந்த வாயில் "வாங்கோ, இருங்கோ" வரும். வீட்டு ஆட்களைத் தவிர வேறொருவரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை.

இந்த நினைப்பில் கை தவறி, அவர் தந்த தேத்தண்ணிக் கிளாசைப் போட்டு உடைத்துவிட்டேன். ஏச்சுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

"பரவாயில்லை, நீங்கள் இருங்கோ," என்றார் பெரியம்மா.

செவிட்டில் அறை விழுந்ததுபோல விறைத்துப்போனேன். அவரோ விளக்குமாற்றோடு வந்து, சிந்தியதை நக்க ஓடிவந்த பூனையைப் பார்த்துக் கத்தினார்: "கோதாரியிலை போறதே, கண்ணாடி காலை வெட்டிப்போடும், அங்காலை போ!"