வாள் சத்தம் நின்றபோது

கணவர் காலமானபின் உரும்பிராய் வீட்டில் நான் தனி. மகள் கனடாவில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பகல் நீண்டு கிடந்தது. கைபேசியில் ஒரு பெண் பலகை அரிந்து முக்காலி செய்வதைப் பார்த்துவிட்டு, அச்சுவேலிக்குப் போய்க் கைவாளும் உளியும் வாங்கி வந்தேன்.

தினமும் காலையில் பின்விறாந்தையில் அரிவேன். பலகை கோணலாகத்தான் போகும். பார்த்துச் சிரிக்கவும் ஆளில்லை. ஆனாலும் வாள் ஓடும்வரை வீடு அவ்வளவு வெறுமையாக இருக்காது.

ஒருநாள் வாள் வழுக்கி இடது கையைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைக் கண்டதும் தலை சுற்றி, மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்படியே கிடந்தாலும் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் ஓடி வந்தாள். எங்களுக்குள் ஒரு சிரிப்போடு சரி, கதைத்ததில்லை.

"வாள் சத்தம் திடீரெண்டு நிண்டிட்டுது அக்கா. அதுதான் பாக்க வந்தனான்."

துவாயால் கையை இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"நான் அரியிறது உமக்குக் கேக்கிறதே? கரைச்சலா இருந்திருக்கும்" என்றேன்.

"என்ன கரைச்சல்? அக்கா எழும்பிட்டா எண்டு நினைச்சுக்கொண்டுதான் நான் தேத்தண்ணி வைக்கிறனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, ஆட்டோக்காரரைக் கெதியாகப் போகச் சொன்னாள்.

இப்போதும் வீட்டில் நான் தனிதான். ஆனால் என்னிடமிருந்து சத்தம் வராவிட்டால் தேடி வர ஒருவர் இருக்கிறார். அதை நினைத்தபடிதான் காலையில் மரம் அரியத் தொடங்குகிறேன்.