ஐஸும் அம்மியும்

ஃப்ரீசரிலிருந்து புரோட்டா பாக்கெட்டை எடுத்ததும் விரல் மரத்துப்போனது. அம்மாவின் விரல்கள் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

தூத்துக்குடி இறால் கம்பெனியில் பகலெல்லாம் ஐஸில் கிடக்கும் இறாலை உரித்துவிட்டு வருவாள். வந்ததும் அம்மியில் மிளகாய் அரைக்க வேண்டும். கடை மசாலாப் பொடியை அப்பா தொடமாட்டார்.

"ஏளா, கையால அரைச்சாத்தான் உடம்புக்கு நல்லது" என்பார்.

இறால் முள் கிழித்த இடத்திலெல்லாம் மிளகாய் ஏறும். கையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் விட்டுக்கொண்டே, "கொழம்பு நல்லாருக்கா?" என்று கேட்பாள். நன்றாகத்தான் இருக்கும், அதை மறுக்க முடியாது.

தோசைக்கல் காய்கிறது. ஆபீஸ் பையை நான் இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. மகள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"அம்மா, இது உடம்புக்கு நல்லதா?"

"ஏளா, நீ யாரு உடம்புக்குக் கேக்க?"