ஐந்து நாள் பயிற்சியும் ஒரு சிவப்புப் பெட்டியும்

போன மாதம் என்னை ஒரு போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். பேச்சுப் போட்டி, கோலப் போட்டி என்றால் எனக்குப் பழக்கம். இது வேறு. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மலையகத்தில், ஹட்டனில் ஐந்து நாள் தீவிரப் பயிற்சி. செயற்கை நுண்ணறிவு, கெமரா, சென்சர்... இன்னும் என் வாய்க்குள் நுழையாத இரண்டு மூன்று பெயர்கள். கடைசி நாளில் ஒவ்வொரு குழுவும் தான் செய்ததை மேடையில் இயக்கிக் காட்ட வேண்டும்.

"எனக்கு இதுல ஒன்னுமே தெரியாதே தம்பி" என்றேன் போனில்.

"அப்படி ஒரு ஆள்தான் அக்கா வேணும். ஒண்டும் தெரியாத ஆளுக்கு விளங்கினால்தான் பிள்ளையள் ஒழுங்காச் செய்திருக்கினம் எண்டு அர்த்தம்" என்றார் பயிற்சியாளர் கோகுலன். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் வேலை. இந்தப் பயிற்சிகளுக்காக மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்.

வாரா வாரம் இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும் – அந்தத் தகுதி என்னிடம் தாராளமாகவே உண்டு. ஒப்புக்கொண்டேன்.

எனக்கு ஒரு வியாதி. எங்காவது போக வேண்டும் என்றால் முதல் நாளே காலுக்குள் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். விழா பத்து மணிக்கு என்று போட்டிருந்தால், நாற்காலி அடுக்குகிறவர்களுக்கு முன்பே போய் நிற்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். என்ன செய்ய? இருப்புக் கொள்ளாதே.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். போனால்... என்னைவிடப் பதற்றமான ஒரு கூட்டம் உள்ளே இருந்தது.

மேசையெல்லாம் வயர். லெப்டொப்புக்குப் பக்கத்தில் பாதி கடித்த ரோல்ஸ். ஒருவர் ஸ்வெட்டரைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு அப்படியே தூங்குகிறார். இன்னொருவர் "நேத்து ஓடுச்சே, நேத்து ஓடுச்சே" என்று ஒரு மோட்டரைப் பார்த்துப் புலம்புகிறார். ஐந்தே நாள். அதற்குள் படித்து, செய்து, பிழைவிட்டு, திருத்தி, மேடைக்கும் ஏற வேண்டும். அந்த மண்டபத்தில் யாருக்கும் நடக்கத் தெரியவில்லை. எல்லாம் ஓட்டம்தான்.

"இது எனக்கு ஏழாவது ட்ரெய்னிங் மிஸ்" என்றார் ஒரு மாணவர். "ட்ரோன் முடிச்சிட்டேன், ரோபோ முடிச்சிட்டேன், இப்ப இது."

தடுப்பூசிக் கணக்குச் சொல்வதுபோல் இருந்தது. முடித்ததில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கேலி செய்ய மனம் வரவில்லை. இவர்கள் கெம்பஸ் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம். சேர்ந்த பிறகு பார்த்தால், வேலைக்கு எடுக்கிறவர்கள் எல்லோரும் "வேறு என்ன தெரியும்?" என்றே கேட்கிறார்கள். ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்ளாமல் வேறு என்ன வழி?

ஓடாத பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். மூலையில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

பெயர் விதுஷா. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மூன்றாம் வருட மாணவி. அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்.

"என்னம்மா செஞ்சிருக்கீங்க? எனக்குக் காட்டுங்களேன்" என்றேன்.

"பெரட்டுக்குப் பேர் போடுறது மிஸ்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் லயம்; காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடுகிற இடம் பெரட்டுக்களம். அங்கேதான் கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேர் போடுவார். வந்து சேர நேரமாகிவிட்டால் அரைப் பேர். அதாவது பாதிச் சம்பளம்.

இந்தப் பேர் போடும் வேலையைக் கெமராவிடம் கொடுத்திருக்கிறது விதுஷாவின் குழு. பயிற்சியின் மூன்றாம் நாள், தோட்டத்து மேனேஜரான துரையிடம் அனுமதி வாங்கி, விடியற்காலையில் வேனில் போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்த வீடியோவை ஓடவிட்டாள்.

மூடுபனி. தலைத்துண்டும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாகப் பெண்கள் வருகிறார்கள். ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு பச்சைப் பெட்டி விழுகிறது. பெட்டிக்கு மேலே பெயர், நேரம். பாதி முகம் துண்டுக்குள் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐந்து நாளில் பிள்ளைகள் இதைச் செய்திருக்கிறார்களா?

"அருமையா வேலை செய்யுதேம்மா."

"செய்யுது மிஸ். அதான் பிரச்சின."

வீடியோவின் கடைசியில் ஓர் அம்மா மேலேயிருந்து படி இறங்குகிறார். ஒரு கை முழங்காலில். இரண்டு படிக்கு ஒருமுறை நிற்கிறார். முகம் தெரிந்ததும் பெட்டி விழுந்தது – சிவப்பில். மேலே எழுத்து: தாமதம். அரை நாள்.

"யார் இது?"

"எங்கம்மா."

வீடியோவை அந்த இடத்திலேயே நிறுத்தினாள். பிறகு அவளே சொன்னாள்.

"எங்க லயம்தான் மிஸ் ஆக மேல இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. எங்க கணக்கப்பிள்ளை கீழ் லயத்துலேருந்து ஆரம்பிச்சுத்தான் பேர் கூப்பிடுவாரு. மேல் லயம் கடைசி. அதுலயும் அம்மாதான் கடைசி. அவர் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அம்மா எறங்கி வந்துருவாங்க. அப்படிக் கூப்பிடுங்கன்னு யாரும் அவர்கிட்ட சொல்லல. அவரும் யார்கிட்டயும் சொல்லல. இந்தக் கெமரா எல்லார் மூஞ்சியையும் ஒரே நேரத்துல பார்க்குது. இதுக்கு மொதல்ல, கடைசின்னு ஒன்னும் கெடையாது."

சிக்கல் அதோடு முடியவில்லை. அந்தத் தோட்டத்துத் துரையும் அன்றைக்கு ஒரு நடுவர். முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்க்கப் போகிறார். அம்மா மாட்டுவார். அவருக்காகப் பொறுத்துப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையும் மாட்டுவார்.

காட்டாமல் விட்டால்? முதலாம் இடத்துக்கு ஒரு கம்பனியில் ஆறு மாதத் தொழிற்பயிற்சி. அந்தப் பயிற்சி இல்லாமல் இவர்களுக்குப் பட்டம் இல்லை. அவள் குழுவில் மற்ற இருவருக்கும் ஏற்கனவே இடம் கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் கிடைக்கவில்லை.

கோகுலன் வந்தார். கண் சிவந்திருந்தது. மனுஷன் ஐந்து நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை.

"பிள்ளை, அந்தச் சிவப்பை எடுக்கப் போறீங்களாமே? அதுதான் உங்கட ப்ரொஜெக்டின்ர உயிரே. அதை எடுத்தால் மிச்சம் இருக்கிறது ஃபோட்டோ அல்பம்தான்."

"சேர், அதுல..."

"அது ஆரையும் குற்றம் சொல்லேல்லையே. நேரத்தை மட்டும்தானே சொல்லுது."

கெட்ட மனிதர் இல்லை. தன் மாணவி வெல்ல வேண்டும் என்கிற துடிப்பு. சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினார்.

விதுஷா என்னைப் பார்த்தாள். "என்ன செய்யட்டும் மிஸ்?"

"கொஞ்சம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதிரில் முஸ்லிம் நானா ஒருவரின் தேநீர்க் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ சொன்னேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கெமரா மேலா? கோகுலன் மேலா? முழங்கால் ஏலாத ஒருவர் இத்தனை படி இறங்கி வந்து நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அவர்கள் மேலா?

பத்து மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது – முன்வரிசையைத் தவிர.

நம் விழாக்களில் இது வழக்கம்தானே. பிரதம விருந்தினர் வந்தார். பிறகு கம்பனி அதிகாரி. கடைசியாகத் துரை. ஒவ்வொருவர் வரும்போதும் எல்லோரும் எழுந்து நின்றோம். விளக்கேற்றினார்கள். நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

விதுஷாவின் முறை வந்தது. வீடியோவைப் போடுவாள் என்று பார்த்தால், போடவில்லை.

"இது பெரட்டுல பேர் போடுறதுக்குச் செஞ்சது. இன்னிக்கு இந்த மண்டபத்துலயே செஞ்சு காட்டுறேன்" என்றாள்.

நான் தேநீர்க் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கெமராவைக் கொண்டுபோய் வாசலில் கட்டியிருக்கிறாள். அழைப்பிதழில் எங்கள் படங்கள் இருந்தனவே – அதிலிருந்தே முகங்களை அதற்குப் பழக்கிவிட்டாள். திரையில் முதலில் நான், தேநீர் குடித்துத் திரும்பி வந்தேன். அசட்டுச் சிரிப்புடன், பச்சைப் பெட்டிக்குள். அதற்குப் பிறகு பிரதம விருந்தினர். சிவப்பு. கம்பனி அதிகாரி. சிவப்பு. துரை, குடையை மடக்கிக்கொண்டே... சிவப்பு. தாமதம். அரை நாள்.

மண்டபம் அதிர்ந்தது. துரையும் சிரித்தார். நல்ல மனதுடன்தான் சிரித்தார்.

"மகள், ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. ஒரு பக்கமாத்தான் வண்டி விடுறாங்க. நான் என்ன செய்ய?"

"தெரியும் சேர்" என்றாள் விதுஷா. "ஆனா அதை இதுகிட்ட சொல்ல ஏலாது. காரணம் கேட்கிறதுக்கு இதுல எடம் வைக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. கோகுலன் தலை குனிந்து கையிலிருந்த பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

முதலாம் இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களுக்கு மண்ணின் ஈரம் பார்த்துத் தண்ணீர் விடும் ஒரு கருவிக்குப் போனது. நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். விதுஷாவுக்கு நான் முழுப் புள்ளியும் போட்டேன். மற்றவர்கள் போடவில்லை. பிரதம விருந்தினருக்கு முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. அவளுக்கு ஒரு சான்றிதழும் கைதட்டலும் கிடைத்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

விழா முடிந்து சிற்றுண்டி நேரத்தில், பட்டிஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு துரை அவளிடம் வந்தார். "சிரிக்க வச்சிட்டீங்க மகள். ஆனா சாமான் நல்ல சாமான். நம்ம பெரட்டுக்களத்துல வந்து பூட்டிக் குடுங்க. ஆறு மாசம் நம்மகிட்டயே ட்ரெய்னிங் செய்யுங்க. லெட்டர் நான் தாறேன்."

பாருங்கள். எதற்காகத் தவித்தாளோ, அது தட்டில் வைத்து வருகிறது. பதிலுக்கு ஒரே ஒரு இடத்தில் அந்தக் கெமராவைப் பொருத்திப் பூட்ட வேண்டும்.

விதுஷா சிறிது யோசித்தாள். "மொதல்ல ஒபிஸ் வாசல்ல ஒரு மாசம் வைப்போம் சேர். துரைமார், ஸ்டாப் எல்லாருக்கும். அங்க சரியா வந்தா பெரட்டுக்களத்துக்குப் போவோம்."

துரை கொஞ்சம் சிரித்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏலாதுன்னு நேராவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேற யாரோ வந்து பூட்டுவாங்க மிஸ். கொழும்புலேருந்து வருவாங்க. அவங்களுக்கு அந்தப் படி தெரியாது."

இந்தப் பயிற்சிகள் வேண்டாம் என்று எழுத எனக்கு வாய் வராது. இந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் கதவைத் திறக்கிறார்கள்? ஆனால் ஐந்து நாளில் ஒரு பொருளை ஓட வைக்கச் சொல்லித்தருகிறார்கள். ஓடிய பிறகு அது யார்மேல் ஏறும் என்று கேட்க ஆறாவது நாள் ஒன்று அந்த அட்டவணையில் இல்லை. விதுஷா அதைத் தானாகவே கேட்டுக்கொண்டாள். கேட்டதற்கு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுத்துப் பேசினாள். துரையிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கெம்பஸில் கடிதம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கோகுலன் வேறு இரண்டு கம்பனிகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். அங்கேயும் இன்னும் எதுவும் ஆகவில்லை.

"அம்மாகிட்ட சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் மிஸ். எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'எனக்காக லெட்டர விட்றாத. துரை கேக்குற எடத்துலயே பூட்டிக் குடு. நான் கொஞ்சம் வெள்ளன எறங்கிக்கிறேன்'னாங்க."

அடுத்த நாளே தொடங்கிவிட்டாராம். விடியுமுன் எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூடுபனிக்குள் அந்தப் படிகளில் இறங்கிப் பழகுகிறாராம். எல்லோருக்கும் முன்னால் பெரட்டுக்களத்தில் போய் நிற்கிறாராம். கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கடைசியாகத்தான் அவர் பேரைக் கூப்பிடுகிறார்.

கெமராவை இன்னும் பூட்டவில்லை. வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.