மதர்போர்டோடு போன சாவி

என் வீட்டுக்காரர் தன் கையால் பாகம் பாகமாக மாட்டிய கம்ப்யூட்டர். விண்டோஸ் ஆகாது, லினக்ஸ் தவிர எதையும் அதில் போடவிட மாட்டார். அவர் போய் எட்டு மாதம். போன வாரம் மதர்போர்டும் போய்விட்டது.

ஆவடி கடைக்காரரிடம், "புது போர்டு லினக்ஸுக்கு ஒத்துவருமா?" என்று மட்டும் கேட்டேன்.

"செக் பண்ணித்தான்க்கா போடுவேன்."

இன்று தன் பென்டிரைவில் லினக்ஸை ஓட்டிக் காட்டினார். வைஃபை, சவுண்டு எல்லாம் வந்தன. பிறகு எங்கள் டிஸ்க்கை மாட்டினார். இதுவரை கேட்காத ஒரு பாஸ்வேர்டைக் கேட்டது.

"அண்ணன் டிஸ்க்கைப் பூட்டி வச்சிகிறாருக்கா. சாவி பழைய போர்டு சிப்புல இருந்துச்சு, அதான் இத்தினி நாளா தானா தொறந்துகினு இருந்துது. இப்ப அவரு வச்ச பாஸ்வேர்டு வோணும்."

பத்து வருடப் போட்டோக்கள் உள்ளே இருக்கின்றன. எவனுடைய கிளவுடிலும் நம் படம் போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

மகள் பெயர், கல்யாண நாள், பைக் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியாக என் பிறந்தநாள். ஒரு வருடமும் அதை ஞாபகம் வைத்திராத மனுஷன்தான், ஆனாலும் ஒரு ஆசை.

திறக்கவில்லை.

அவரோடு பழகியவர்கள் சொல்லுங்கள், அவர் எதைத்தான் மறக்காமல் வைத்திருந்தார்?