மாமன் பூட்டிய வெள்ளி

தாய்–சேய் அட்டையில் வெண்மதியின் தொழில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருக்கிறது. பகலில் அந்த இல்லத்தில் அவளைப் பார்க்க முடியாது. விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கடலூரில் தெருத்தெருவாக விற்றுவிட்டு, வெயில் தாழத்தான் தேவனாம்பட்டினம் திரும்புவாள். அதுவரை அவளுடைய ஐந்து மாதப் பெண் குழந்தை மூத்த நாத்தனார் புஷ்பவள்ளியிடம் இருக்கும்.

புஷ்பவள்ளி அன்பில் குறை வைப்பவளல்ல. பசும்பாலில் தண்ணீரையும் அதே தாராளத்தோடுதான் சேர்ப்பாள்.

"கெட்டிப் பாலு செரிக்காது மதி. அழாம தூங்குது பாரு, அதுக்கு மேல இன்னா வேணும்?"

குழந்தை உண்மையிலேயே அழுவதில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதமாக எடை நகரவில்லை. "அடுத்த தபாவும் ஏறலன்னா பெரியாஸ்பத்திரில சேத்துடணும்" என்று செவிலியர் ஜெயராணி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இடையில் சிதம்பரத்திலிருந்து வெண்மதியின் அண்ணன் சேரன் வந்து மாமன் சீர் செய்தான்: வெள்ளியில் அரைஞாண் கொடி, கால்களுக்குத் தண்டை. செய்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவன். கனத்தில் கஞ்சத்தனம் இல்லை. மாமன் பூட்டியதைக் கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்றார்கள். ஆகவே அந்த மாதம் அங்கன்வாடித் தராசில் குழந்தை வெள்ளியோடுதான் ஏறியது. ஜெயராணி உடுப்பை மட்டும் கழற்றச் சொன்னார். சீரைக் கழற்றச் சொல்லித் திட்டு வாங்கிய அனுபவம் அவருக்கு உண்டு.

"பரவால்லியே, கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார்.

மீனோடு ஐஸையும் சேர்த்து நிறுக்கிறவர்களிடம் வெண்மதி சண்டை போடாத நாள் கிடையாது. சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஐஸையும் எடை என்று ஒத்துக்கொண்டு, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஏலம் இல்லாத ஒரு நாள் காலையில் அவளே குழந்தையைக் குளிப்பாட்டினாள். அரைஞாண் இடுப்பிலிருந்து வழுக்கித் தொடைக்கு வந்துவிட்டது. சீர் செய்த அன்று அளவாக நின்ற கொடி அது.

"கயித்தால இறுக்கிக் கட்டிடலாம்" என்றாள் புஷ்பவள்ளி.

"கொடி பெருசாவுமா அண்ணி?"

"அதுக்கு இப்ப இன்னான்ற?"

"புள்ளதான் சிறுத்துப் போச்சு."

"கழட்டினா உங்கண்ணன் மூஞ்சில எப்புடி முழிப்ப? ஆஸ்பத்திரில போயி படுத்துட்டா மீனு யாரு விப்பா?"

"மீனு நாறட்டும் அண்ணி."

"நான் ஒண்ணும் பட்டினி போடல மதி" என்றாள் புஷ்பவள்ளி. அதுவும் உண்மைதான்.

வெண்மதி கொடியையும் தண்டையையும் கழற்றி நாத்தனார் கையில் கொடுத்தாள். அங்கன்வாடியில் குழந்தையை வெற்றுடம்போடு நிறுத்துப் பார்த்தாள். முள் பழைய எடைக்கும் கீழே நின்றது. அப்படியே பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் கேட்பதற்கு முன்பே தண்ணீர்ப் பாலைப் பற்றிச் சொன்னாள். சேர்த்துக்கொண்டார்கள். மீன் கூடை வீட்டில் கிடக்க, அவள் வார்டில் தங்கிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.