படுக்க மறுத்த ராணி

ஒவ்வோர் ஆண்டும் கொலுப் பெட்டியைத் திறந்ததும் என் கை முதலில் தேடுவது ஜார்ஜியா ராணியைத்தான். ஒரு சாண் உயரத் துணிப் பொம்மை. கறுப்பு அங்கி, வெள்ளை முக்காடு, இடுப்பில் தீக்குச்சி அளவுக்கு ஒரு குறுவாள். சுற்றியிருக்கும் பழைய வேட்டித் துணியைப் பிரித்து அவளை நிமிர்த்தி வைத்த பிறகுதான் தெய்வங்களுக்கு முறை வரும். இதுவரை அவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அவளை எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜியா ஆன்ட்டி. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக்கு சோவியத்திலிருந்து வந்திருந்த ருஷ்யப் பொறியாளரின் மனைவி. எல்லோரும் அவரை ‘ருஷ்யாக்காரம்மா’ என்பார்கள். அவர் சளைக்காமல் ‘ஜார்ஜியா’ என்று திருத்துவார். தமிழ் கற்றது நெமிலிச்சேரியிலிருந்து வரும் கீரைக்கார அக்காவிடம். ஆகவே பட்டு கவுனும் முத்துமாலையுமாக வந்து, “இன்னா அக்கா, நல்லா கீறியா?” என்று அம்மாவைக் கேட்பார். யாரையும் ‘வாங்க, போங்க’ என்றே பேசும் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

சோவியத் சிதறத் தொடங்கிய ஆண்டில் அந்த முகம் வாடிப்போனது. அவருடைய ஊர்த் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை. மாஸ்கோவுக்கே போய்விடலாம் என்றார் கணவர். அங்கே போனால் சொந்த ஊரை இனிப் பார்க்கவே முடியாதோ என்று ஆன்ட்டிக்குப் பயம். அந்த நவராத்திரிக்குத்தான் பொம்மையை அம்மாவிடம் கொடுத்தார்.

விஜயதசமியன்று ஆரத்தி எடுத்ததும் கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்கவைப்பது வழக்கம். விருந்தாளிப் பொம்மைக்கு மரியாதை செய்வதாக நினைத்து அம்மா ராணியைப் படுக்கவைத்தார். சுண்டல் தின்றுகொண்டிருந்த ஆன்ட்டி கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை வாரி எடுத்தார்.

“வோணாம் அக்கா! இவ பொணமாத்தான் ஊட்டுக்கு வந்தா!”

பாதி தமிழும் பாதி கைச்சாடையுமாகக் கதை வந்தது. ராஜா இறந்ததும் அவர்கள் நாட்டை ருஷ்யா விழுங்கிவிட்டது. விதவை ராணியைப் பிள்ளைகளோடு நாடுகடத்த வீரர்கள் வந்தார்கள். அவள் படுக்கையை விட்டு எழ மறுத்தாள். எழுப்ப வந்த தளபதியை, மறைத்து வைத்திருந்த குறுவாளால் குத்திக் கொன்றாள். ருஷ்யாவில் ஒரு கன்னிமாடத்தில் பல ஆண்டுகள் அடைத்துவைத்தார்கள். விடுதலையான பிறகும் அவள் உயிரோடு ஊர் திரும்பவில்லை. கதை முடிந்தபோது ஆன்ட்டி அழுதது ராணிக்காக மட்டுமல்ல என்று சின்னப் பிள்ளையான எனக்கே புரிந்தது.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நாங்க படுக்க வைக்கிறது தூங்குறதுக்குத்தாம்மா. அடுத்த வருஷம் எழுப்பிப் படியேத்திருவோம். நீங்களும் உங்க வீட்டுக்குப் போய்ச் சேருவீங்க, பாருங்க.”

ஆன்ட்டி தன் கையாலேயே ராணியைப் படுக்கவைத்தார். சில மாதங்களில் மாஸ்கோவுக்குப் புறப்பட்டபோது பொம்மையைக் கேட்கவில்லை. “நீயே எழுப்பு அக்கா” என்றார்.

ஆண்டுகள் போயின. ஒரு தகவலும் இல்லை. அம்மா மட்டும் ராணியைப் படியேற்றும்போதெல்லாம், “அவங்க போய்ச் சேர்ந்தாங்களா, இல்லையா?” என்று அவளிடமே விசாரிப்பார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நவராத்திரி, எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பாவின் பழைய நண்பர் ஒருவரிடம் ஆன்ட்டி எண் வாங்கியிருந்தாராம். இரைச்சலுக்கு நடுவே அதே குரல்.

“அக்கா, ராணி எய்ந்துகினாளா?”

“எழுந்துட்டாம்மா, மேல் படியில நிக்கிறா. நீங்க எங்க இருக்கீங்க?”

வந்த பதிலைக் கேட்டு அம்மா சிரித்துக்கொண்டே அழுதார்.

இப்போது பருத்திப்பட்டு வீட்டில் கொலு வைப்பது நான். அம்மாவுக்கு முட்டி மடங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் மட்டும் செய்கிறார். இந்த ஆண்டும் ராணியை நிமிர்த்தி வைத்ததும், “இன்னா ராணி, எங்க கீற?” என்று கேட்டார். அன்று தொலைபேசியில் வந்த பதிலையும் அவரே சொன்னார்:

“எங்க ஊட்லதான் கீறேன் அக்கா.”